கம்ப்யூட்டர் வந்தாச்சு, புத்தக அலமாரியை என்ன செய்யலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் வீடுகளில் முதலில் எழும் கேள்வி எது தெரியுமா? ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்பதல்ல. "இதை எங்கே வைப்பது?" என்பதுதான். மானிட்டர், சி.பி.யு., யு.பி.எஸ்., ப்ரிண்டர் என்று நான்கைந்து பொருட்கள் வரிசையாக வந்து இறங்கும். அவற்றுக்கு ஒரு மேஜை வேண்டும். மேஜைக்கு இடம் வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார்கள். டி.வி.யை நகர்த்த முடியாது. பீரோவை நகர்த்த முடியாது. கடைசியில் எல்லோருடைய கண்ணும் புத்தக அலமாரியின் மேல் போய் நிற்கும்.

"அதுதான் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, இனிமேல் எல்லாவற்றையும் அதிலேயே படித்துக்கொள்ளலாமே!" என்று யாராவது ஒருவர் சொல்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர் கடைக்காரர் தராசோடு வந்து நிற்பார்.

உங்கள் வீட்டில் இன்னும் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்றால், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் ஒரு சாப்ட்வேர் என்ஜினியர். ஒரு நாளில் ஒன்பது மணி நேரமாவது திரையைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். எனவே கம்ப்யூட்டருக்கு எதிராக ஏதோ எழுதப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நான் கையில் எடுப்பது அச்சடித்த புத்தகத்தைத்தான். கம்ப்யூட்டரும் புத்தகமும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. சரியாகப் பயன்படுத்தினால், உங்கள் அலமாரியில் தூங்கும் புத்தகங்களை எழுப்பிவிடும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்யும். எப்படி என்று பார்க்கலாம்.

புத்தகமும் ஒரு சாதனம்தான்

புதிய கம்ப்யூட்டர் வாங்கும்போது 'ஸ்பெசிபிகேஷன்' பார்க்கிறோம் அல்லவா? அதே கண்ணோடு ஒரு புத்தகத்தைப் பாருங்கள். பூட் ஆகும் நேரம்: இல்லை. பேட்டரி: தேவையில்லை. அப்டேட்: வராது. கீழே விழுந்தால்: எடுத்துப் படிக்கலாம். கரண்ட் போனால்: ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தால் போதும்.

எழுத்தின் தெளிவைப் பார்ப்போம். வீடுகளில் பரவலாக இருக்கும் 24 அங்குல புல் ஹெச்.டி. மானிட்டரில் 1920 x 1080 புள்ளிகள் உள்ளன. கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள். சாதாரண லேசர் ப்ரிண்டரே ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் அச்சிடும். ஆங்கில எழுத்துகளுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. நம் 'ணு', 'னு', 'ஞூ' போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகளில் நன்றாகவே தெரியும். சிறிய அளவில் திரையில் படிக்கும்போது இரண்டு சுழியா, மூன்று சுழியா என்று கண் ஒரு கணம் தடுமாறுவது இதனால்தான். செல்போன் திரைகளில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே ஒரு பக்கம் முழுதாக ஒரே பார்வையில் கிடைக்காது.

இன்னொரு விஷயம் இடம். நான் படித்த புத்தகத்தில் ஒரு வரியைத் தேடும்போது, "அது இடது பக்கம், கீழே, புத்தகத்தின் முக்கால் பாகத்தில் இருந்தது" என்று கை தானாகவே புரட்டுகிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். மவுசை உருட்டி உருட்டிப் படிக்கும் பைலில் மேல், கீழ், இடது, வலது என்று எந்த இடமும் நிலையாக இல்லை. எல்லா வரியும் திரையின் நடுவில்தான் வந்து போகிறது.

இது வெறும் பழக்கம் சார்ந்த பேச்சா? 2018-ம் ஆண்டில் ஸ்பெயின், இஸ்ரேல் நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 1,70,000 பேருக்கும் அதிகம். ஒரே விஷயத்தைத் திரையில் படித்தவர்களைவிடத் தாளில் படித்தவர்கள் சற்றுக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள் என்பது முடிவு. பாடம், தகவல் போன்றவற்றில், அதிலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் படிக்க வேண்டியிருக்கும்போது, இந்த வித்தியாசம் தெரிந்தது. கதை படிக்கும்போது பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இ-புத்தகத்துக்கும் நல்ல பக்கம் உண்டு. எழுத்தைப் பெரிதாக்கலாம். கண் பார்வை குறைந்தவர்களுக்குக் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டும். ஊருக்குப் போகும்போது நூறு புத்தகங்களை ஒரு செல்போனில் எடுத்துப் போகலாம். வேண்டிய சொல்லை நொடியில் தேடலாம். எனவே இரண்டும் வேண்டும். ஒன்று வந்ததற்காக மற்றொன்றை எடைக்குப் போட வேண்டியதில்லை என்பதே நான் சொல்ல வருவது.

பைலுக்கு ஆயுள் எவ்வளவு?

கம்ப்யூட்டரில் சேமித்தால் என்றைக்கும் இருக்கும் என்று புதிதாக வாங்கியவர்கள் நினைப்பது இயல்பு. என் சித்தப்பா 1999-ல் ஒரு சிறிய ஊர் வரலாற்றைத் தமிழில் டைப் செய்து, 1.44 மெகாபைட் பிளாப்பியில் பத்திரமாக வைத்திருந்தார். இன்றைய கம்ப்யூட்டர்களில் பிளாப்பி டிரைவே இல்லை. யு.எஸ்.பி.யில் இணைக்கும் டிரைவ் ஒன்றைத் தேடிப்பிடித்துத் திறந்தபோது, திரையில் வந்தது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை.

காரணம் இதுதான். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்களைத் தயாரித்த ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தபடி எழுத்துகளுக்கு எண் கொடுத்திருந்தார்கள். ஒருவர் 'அ'வுக்குக் கொடுத்த எண்ணில் இன்னொருவர் 'கூ' வைத்திருப்பார். எந்த எழுத்துருவில் டைப் செய்தீர்களோ அது கம்ப்யூட்டரில் இருந்தால்தான் படிக்க முடியும். 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களை அறிவித்தது. பின்னர் 2010-ல் யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் ஏற்றது. இன்று யூனிகோடில் டைப் செய்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும், எந்தச் செல்போனிலும் தமிழ் தமிழாகவே தெரியும். சித்தப்பாவின் பைலையும் எழுத்துரு மாற்றி ஒன்றின் உதவியால் மீட்டுவிட்டோம். ஆனால் அவர் அந்த வரலாற்றை எழுதுவதற்காகப் பயன்படுத்திய 1950-களின் புத்தகங்கள் அதே அலமாரியில் இருந்தன. அவற்றைத் திறக்க எந்த மாற்றியும் தேவைப்படவில்லை.

பணம் கொடுத்து வாங்கிய இ-புத்தகமாவது நம்முடையதுதானே என்று கேட்பீர்கள். பல இடங்களில் நீங்கள் வாங்குவது புத்தகத்தை அல்ல, அதைப் படிக்கும் லைசென்ஸை மட்டுமே. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமை இல்லாத ஒருவர் விற்பனைக்கு வைத்ததாகக் கூறி, ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பின்னர் மன்னிப்பும் கேட்டது. ஆனால் பாடத்துக்காக அதில் குறிப்பெழுதி வைத்திருந்த ஒரு பள்ளி மாணவரின் உழைப்பு பயனற்றுப் போயிற்று. 2019-ல் மைக்ரோசாப்ட் தன் இ-புத்தகக் கடையை மூடியது. அந்த ஆண்டு ஜூலையில், வாங்கியவர்களிடமிருந்த புத்தகங்கள் திறக்காமல் போயின. இங்கும் பணம் திரும்பக் கிடைத்தது. குறிப்பு எழுதி வைத்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் தந்தார்கள். பணம் வந்தது, புத்தகம் போய்விட்டது.

உங்கள் அலமாரியில் இருக்கும் புத்தகத்தை எந்தக் கம்பெனியும் இரவோடு இரவாக வந்து எடுத்துப் போக முடியாது. மேலும் அதை நீங்கள் யாருக்கும் இரவல் கொடுக்கலாம். பரிசாகத் தரலாம். யாரிடமும் பாஸ்வேர்ட் கேட்க வேண்டாம்.

அத்தை வீட்டு அலமாரி

மதுரையில் என் அத்தை ஓய்வு பெற்ற ஆசிரியை. நாற்பது வருடங்களாகச் சேர்த்த நானூற்றுச் சொச்சம் புத்தகங்கள் ஹாலில் இருந்தன. கல்லூரியில் சேர்ந்த அவர் மகனுக்குச் சென்ற வருடம் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். எதை வாங்குவது என்று சொல்வதற்காக நான் போயிருந்தேன். மேஜைக்கு இடம் பார்க்கும் பேச்சு வந்தது. "எல்லாம் பி.டி.எப்.-ல கிடைக்கும் மச்சான், இது எதுக்கு?" என்றான் அவன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

"சரி, எதெல்லாம் கிடைக்கும்னு பார்த்துட்டு அப்புறம் முடிவு செய்வோம். அதுக்கு முதல்ல என்னென்ன இருக்குன்னு தெரியணுமே" என்றேன். புதுக் கம்ப்யூட்டரில் அவன் செய்த முதல் வேலை அத்தையின் புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டதுதான். அத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தலைப்பைப் படிக்க, அவன் டைப் செய்தான். இரண்டு நாள் ஆயிற்று.

முதல் நாள் மாலையே அவன் டைப் செய்யும் வேகம் குறைந்துவிட்டது. காரணம், இடையிடையே புத்தகத்தை வாங்கிப் புரட்ட ஆரம்பித்திருந்தான். ஒரு கட்டில், பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது கல்கி இதழிலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்த தொகுதிகள் இருந்தன. அத்தையின் அம்மா சேர்த்தது. 1950 முதல் 1954 வரை வந்த தொடர் அது. கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டதால் அந்த நாவலை இன்று யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம், கம்ப்யூட்டரிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் இந்த பைண்டு தொகுதியில் மணியம் வரைந்த படங்கள் அந்தந்த வாரத்தின் பக்கத்திலேயே இருந்தன. பின்பக்கத்தில் அந்தக் கால விளம்பரங்கள் இருந்தன. ஓரத்தில், அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று பாட்டி பென்சிலில் எழுதிய ஊகங்களும் இருந்தன. அவற்றில் பாதி தப்பு. இது எந்த பி.டி.எப்.-லும் கிடைக்காது. தராசில் வைத்தால் இரண்டு கிலோ கூட வராது.

இன்னொன்றும் நடந்தது. ஐந்து புத்தகங்களில் வேறு ஆட்களின் பெயர் எழுதியிருந்தது. பல வருடங்களுக்கு முன் இரவல் வாங்கியவை. அதில் ஒன்று இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு டீச்சருடையது. அத்தை அன்று மாலையே அதை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. கையில் வேறொரு புத்தகம் இருந்தது. "இதைப் படிச்சிட்டு நானும் பேசறதுக்கு வரணுமாம்ப்பா" என்றார். அலமாரி இப்போது ஹாலிலேயே இருக்கிறது. மேஜை ஜன்னல் பக்கம் போய்விட்டது.

உங்கள் அலமாரிக்கு ஒரு பட்டியல்

இதை நீங்களும் செய்யலாம். தனி சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். எக்ஸெல் இருந்தால் அது போதும். இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும்.

1. முதலில் தமிழ் கீபோர்டை இணைத்திடுங்கள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்பதைக் கிளிக் செய்து, ஆட் எ லாங்குவேஜ் மூலம் தமிழைச் சேர்க்கலாம். தமிழ் 99 கீபோர்டும் அதில் கிடைக்கும். விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். இது யூனிகோட் என்பதால் சித்தப்பாவுக்கு வந்த சிக்கல் உங்களுக்கு வராது.

2. முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை இடுங்கள்: எண், புத்தகம், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, எந்தத் தட்டு, யாரிடம் உள்ளது, கொடுத்த தேதி, ஒரு வரி.

3. 'எண்' என்பதில் நீங்களே 1, 2, 3 என்று கொடுங்கள். அதே எண்ணைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பயன்படுத்தினால் என்ன என்று சிலர் கேட்கலாம். 2007 முதல் அது 13 இலக்க எண். இந்தியப் புத்தகங்களில் பெரும்பாலும் 978-க்குப் பிறகு 81 அல்லது 93 என்று வரும். ஆனால் பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் அது இருக்காது. எனவே நம் சொந்த எண்ணே நல்லது.

4. பட்டியல் நீளும்போது தலைப்பு வரிசை மேலே மறைந்துவிடும். வியூ மெனுவில் ப்ரீஸ் என்ற வசதி மூலம் முதல் வரிசையை நிறுத்தி வைக்கலாம்.

5. தலைப்பு வரிசையில் ஒரு செல்லில் கர்சரை வைத்து, கண்ட்ரோல், ஷிப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் சிறிய அம்புக்குறி தோன்றும். அதைக் கிளிக் செய்து ஓர் ஆசிரியரின் புத்தகங்களை மட்டும், அல்லது இரவல் போனவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கலாம்.

6. இரவல் கொடுக்கும்போது தேதி செல்லில் கண்ட்ரோல் கீயையும் அரைப்புள்ளி கீயையும் அழுத்தினால் அன்றைய தேதி தானே வந்து உட்காரும். எத்தனை நாள் ஆயிற்று என்று அறிய, பக்கத்துச் செல்லில் சமக்குறி இட்டு, டுடே என்ற பங்ஷனிலிருந்து தேதி உள்ள செல்லைக் கழியுங்கள். விடையும் தேதி போலவே தெரிந்தால் செல்லின் பார்மட்டை நம்பர் என மாற்றிடுங்கள்.

7. பைலை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அதோடு பட்டியலை ப்ரிண்ட் எடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்யாமலே பார்க்கலாம் அல்லவா?

ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று உட்காராதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும்.

இப்போது என்ன படிக்கிறீர்கள்?

பட்டியலில் கடைசித் தலைப்பு 'ஒரு வரி' என்று சொன்னேன் அல்லவா? அதுதான் முக்கியம். புத்தகத்தைப் படித்து முடித்ததும் அதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதுங்கள். விமர்சனம் தேவையில்லை. "நடுவில் கொஞ்சம் இழுவை, கடைசி ஐம்பது பக்கம் விடவில்லை" என்பது போல இருந்தால் போதும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

எங்கள் ஆபீஸில் வெள்ளிக்கிழமை மதிய உணவின்போது நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒன்றாக உட்காருவோம். ஆளுக்கு இரண்டு நிமிடம், "இப்போது என்ன படிக்கிறாய்?" என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். படித்து முடித்ததைச் சொல்லக் கூடாது, படித்துக்கொண்டிருப்பதைத்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. இதில் ஒரு லாபம் இருக்கிறது. முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தீர்ப்பு சொல்வார்கள். பாதியில் இருப்பவரோ கதையைச் சொல்ல முடியாது, அடுத்து என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாது. அந்த ஆவல் நமக்கும் தொற்றிக்கொள்ளும். பக்கத்து இருக்கைக்காரர் 112-ம் பக்கத்தில் இருக்கிறார், எப்போது முடிப்பார் என்று நாம் காத்திருப்போம். கையில் அச்சுப் புத்தகம் இருப்பதால் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். ஐந்து பாகம் கொண்ட பொன்னியின் செல்வன் எங்கள் வரிசையில் சுற்றியபோது, மூன்றாம் பாகத்தை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்ட நண்பருக்கு ஒரே நாளில் நான்கு போன் போயிற்று!

உங்கள் தெருவிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ இதை இப்படிச் செய்யலாம். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஏ4 பக்கத்தில் நான்கு கட்டங்கள் உள்ள அட்டவணை போடுங்கள்: வீடு, படிக்கும் புத்தகம், எத்தனையாவது பக்கம், அடுத்து யாருக்கு. பத்து வரிசை போதும். ப்ரிண்ட் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். முதல் வரிசையை நீங்கள் நிரப்புங்கள். இரண்டாவது வரிசையைப் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நிரப்பும். அதன் பிறகு பெரியவர்கள் எழுதுவார்கள். மாதம் ஒருமுறை அந்தத் தாளை எடுத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டுங்கள். நாலு வீட்டு அலமாரிகள் சேர்ந்தால் அது ஒரு சின்ன நூலகம்தானே!

நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ல் நூலகங்களுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். பூட்டி வைத்த புத்தகத்தால் யாருக்கும் பயனில்லை, அதை அதற்குரிய வாசகரிடம் சேர்க்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அவர் கார்டுகளை வைத்துச் செய்த வேலையை, இன்று உங்கள் மேஜை மேல் இருக்கும் இயந்திரம் ஒரு நொடியில் செய்யும்.

ஸ்கேன் செய்து அனுப்பலாமா?

புத்தகத்தைப் பகிர்வது என்றதும், "ஸ்கேன் செய்து எல்லோருக்கும் பி.டி.எப். அனுப்பிவிட்டால் என்ன?" என்று தோன்றும். வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஒரு நூலின் காப்புரிமை, எழுத்தாளரின் வாழ்நாளும் அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஒரு புத்தகத்தை இரவல் கொடுத்தால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கிறார், பிடித்துப் போனால் தனக்கென்று ஒன்று வாங்குகிறார். பி.டி.எப்.-ஐ அனுப்பினால் ஒரே நாளில் ஆயிரம் பேருக்குப் போய்விடும். எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் அதில் ஒரு ரூபாய் கூடக் கிடைக்காது. அட்டையைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புங்கள், உங்கள் 'ஒரு வரி'யை அனுப்புங்கள். புத்தகத்தையே அனுப்ப வேண்டாம்.

காப்புரிமை முடிந்த, நாட்டுடைமையான நூல்கள் வேறு விஷயம். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களையும் பிற்கால நூல்கள் பலவற்றையும் தன்னார்வலர்கள் உதவியோடு டைப் செய்து இலவசமாகத் தருகிறது. வீட்டில் இல்லாத பழைய நூல்களுக்கு அது நல்ல துணை.

புத்தகத்துக்கும் எதிரிகள் உண்டு

பைலுக்கு வைரஸ் என்றால் புத்தகத்துக்குக் கரையானும் ராமபாணப் பூச்சியும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். ஈரம் உள்ள சுவர் என்றால் வேறு இடம் பாருங்கள். புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள், காற்றுப் போக இடம் வேண்டும். நேர் வெயிலில் காய வைக்காதீர்கள், தாள் சீக்கிரம் பழுப்பாகி நொறுங்கும். கிழிந்த பக்கத்தைச் செல்லோ டேப்பால் ஒட்டினால் சில வருடங்களில் பசை கறையாகிவிடும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, புத்தகத்தை அடிக்கடி எடுத்துப் புரட்டுவதுதான். இரவல் போய் வரும் புத்தகத்தைக் கரையான் தொடுவதில்லை!

உண்மையிலேயே இடமில்லை, கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், எடைக்குப் போடும் முன் பட்டியலை ஒருமுறை நாலு பேரிடம் காட்டுங்கள். பக்கத்துப் பள்ளியிலும் நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் தன் வீட்டில் பல்லாண்டுகள் சேர்த்து வைத்த புத்தகங்களும் இதழ்களும் நோட்டீஸ்களும்தான், 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்தன. இன்று தமிழ் பற்றி ஆராய்பவர்கள் தேடிப் போகும் இடம் அது. யாரோ ஒருவர் எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால் கிடைத்தவை அவை.

வரும் ஞாயிற்றுக்கிழமை பத்தே பத்துப் புத்தகங்களை எடுத்துத் துடைத்து, பட்டியலில் ஏற்றுங்கள். அவற்றில் இதுவரை படிக்காத ஒன்றைக் கம்ப்யூட்டர் மேஜை மேலேயே வையுங்கள். விண்டோஸ் அப்டேட் ஆகும்போதோ பெரிய பைல் டவுன்லோட் ஆகும்போதோ கையில் எடுத்தால் நாலைந்து பக்கம் ஓடிவிடும். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்: "நீங்க இப்போ என்ன படிக்கிறீங்க?"